படத்தில் இருப்பது கருமந்திதான்

வால்பாறையில் எடுத்த படம் சிங்கவால் குரங்கா, நீலகிரி கருமந்தியா என்று கேட்டிருந்தீர்கள். வால் உடம்பைவிட நீளம், தலைமயிர் வெளிர்பழுப்பு. சந்தேகமே வேண்டாம், கருமந்தி. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, குட்டை வால், நுனியில் குஞ்சம்.

உயிரியல் வகைப்பாட்டில் இரண்டுக்கும் குடும்பம் ஒன்று, துணைக்குடும்பம் வேறு. கருமந்தி முக்கியமாக இலைதின்னி: பல அறை இரைப்பை, கன்னப்பை கிடையாது. சிங்கவால் பழமும் பூச்சியும் தேடித் தின்னும், கன்னப்பையில் அடக்கியும் வைக்கும். அதற்குக் கிளையோடு கிளை தொடும் மழைக்காடு வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் காட்டைத் துண்டாக்கிய வால்பாறையில் தரையிறங்கி வண்டியில் அடிபடுவது அதனால்தான். கருமந்தி சோலை, ஆற்றோரக் காடு என்று கொஞ்சம் சமாளிக்கும்.

ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிடும், உயிரினங்களின் அழிவு அபாயத்தைச் சொல்லும் செம்பட்டியலில் சிங்கவால் அருகிய இனம். கருமந்திக்கு ஆபத்து ஒரு படி குறைவு, அழிவாய்ப்பு இனம். பழைய புத்தகங்களில் கருமந்தியை ட்ராக்கிபிதேகஸ் பேரினத்தில் போட்டிருப்பார்கள், குழம்பாதீர்கள். இப்போது செம்னோபிதேகஸ்.