சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடக்கவும் சரக்கு இறக்கவும் இடம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நடைபாதையை அகலப்படுத்தினால் மட்டும் போதாது. துணிக்கடைத் தெரு அது. பகல் 11 மணிக்கு ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) நின்று துணி மூட்டை இறக்கினால், கைக்குழந்தையோடு வருகிறவர் நடுரோட்டில் ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. நிறுத்த அவருக்கு வேறு இடம் ஏது?

அதனால் முதலில் நேரம். கடை திறக்கும் முன்பே பெரிய சரக்கு இறங்கிவிட வேண்டும். அப்புறம் வருவது பக்கத்துத் தெரு முனையில், கோடு போட்டு ஒதுக்கிய இடத்தில் இறங்கி, தள்ளுவண்டியில் கடைக்குப் போகட்டும். அங்கே பைக்கை நிறுத்த விட்டால் எல்லாம் வீண்.

நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், உயரம் 15 செ.மீ.க்கு மேல் கூடாது. நாமோ பல இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிடுகிறோம். பாட்டிகள் அதில் ஏறுவதே இல்லை.