வாசகர் கேள்வி பதில்: கேஸ் பிஸ்டலும் எங்கள் ஊர் வெயிலும்

கேள்வி: அனுமதி எடுத்து வைத்திருக்கும் கேஸ் பிஸ்டலில், வளவுக்குள் தாள் கட்டிச் சுட்டுப் பழகுகிறேன். காலையில் நன்றாக இருக்கிறது. பகல் ஒரு மணிக்குப் புதுச் சிலிண்டர் போட்டாலும் மெல்லிய சத்தம்தான் வருகிறது, குண்டு தாளுக்குக் கீழே விழுகிறது. சிலிண்டர் பழுதா? (கல்லடி வாசகர்)

பதில்: சிலிண்டரில் பழுதில்லை தம்பி, வெயில்தான் காரணம். அந்த 12 கிராம் சிலிண்டருக்குள், குண்டைத் தள்ளும் காபனீரொட்சைட்டு வாயு திரவமாக அடைபட்டுக் கிடக்கிறது. அதன் அழுத்தம் 20 பாகை செல்சியசில் ஏறக்குறைய 57 பார், 30 பாகையில் 72 பார். மோட்டார் சைக்கிள் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 31 பாகையைத் தாண்டினால் அது திரவமாக நிற்கவே நிற்காது, பிறகு கொஞ்சம் சூடு கூடினாலும் அழுத்தம் விறுவிறென்று ஏறிவிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் எங்கள் பக்கத்துப் பகல் அந்த அளவை எவ்வளவு சுலபமாகத் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் கேஸைத் திறந்துவிடும் வால்வு இறுகிப்போகும், உள்ளே இருக்கும் சுத்தியல் அடித்தாலும் அதைச் சரியாகத் திறக்க முடியாது, அதனால்தான் கேஸ் நிறைய இருந்தும் குண்டு தளர்ந்து விழுகிறது.

இதில் எனக்குப் பயம் தருவது வேறொன்று. சத்தம் வந்து, குண்டு எங்கே போனது என்று தெரியாவிட்டால் இரண்டாம் தடவை விசையை இழுக்கவே வேண்டாம், முதல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். பாதுகாப்பான பக்கம் திருப்பிப் பிடித்தபடி கேஸை மெதுவாக வெளியேற்றிவிட்டு, அப்புறம் மெல்லிய கம்பியால் குழலைப் பாருங்கள். சீறி வரும் கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், அவசரப்பட வேண்டாம். சூடேறிய பிஸ்டலை நிழலில் வைத்து ஆறவிட்டாலே போதும், ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். சிலிண்டர்களை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ பூட்டிய வாகனத்திலோ விட்டுவிட்டுப் போகவும் கூடாது, 50 பாகைக்கு மேல் சூடானால் வெடிக்கக்கூடும்.

மளமளவென்று சுட்டால் இதற்கு எதிர்மாறாக நடக்கும், திரவம் ஆவியாகும்போது பிஸ்டல் குளிர்ந்து வேகம் குறையும், ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து விநாடி விடுங்கள்.  10 மீற்றர் எயார் பிஸ்டல் போட்டிக்காரர்கள் கேஸை விட்டு அடைத்த காற்றுக்கு மாறியதற்கு இந்த வெப்பத் தொல்லையும் ஒரு காரணம்.

கேள்வி: இரவு சிலிண்டர் போட்டு வைத்தால் காலையில் கேஸ் இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. (கல்முனை வாசகர்)

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகி வால்வில் ஒட்டும். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது ரப்பர் வாசரைக் கெடுக்கும். எயார் துவக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் எண்ணெயில் ஒரேயொரு துளியைப் புதுச் சிலிண்டரின் கழுத்தில் விட்டுப் போடுங்கள், முதல் சூட்டிலேயே கேஸ் அதை உள்ளே கொண்டுபோய் வாசரை நனைத்துவிடும். சிலிண்டரை இறுக்கும் திருகாணியை, சிலிண்டரில் ஓட்டை விழுந்து சீறல் நிற்கும் வரை மட்டும் இறுக்கினால் போதும், பலம் போட்டால் அந்த வாசர்தான் நசியும். இவ்வளவும் செய்தும் ஒழுகினால் வாசரை மாற்றுங்கள். சிலிண்டரை உள்ளே விட்டபடி இரவைக் கழிக்காதீர்கள், வாசர் எந்நேரமும் அழுத்தத்தில் கிடந்தால் கெதியாய்த் தேயும். கடற்காற்றுப் படும் வீடு என்பதால் சுட்டு முடிந்ததும் வெளிப்பக்கத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

கேள்வி: ஈயக்குண்டு போடும் பிஸ்டலில் இரும்புக்குண்டு போடலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: கூடாது. இரண்டும் 4.5 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் இரும்பு குழலின் உட்புரியை, அதாவது குண்டைச் சுழலவிடும் உள்வரிகளைச் சுரண்டிவிடும். மதிலில் பட்டால் திரும்பியும் வரும், அதனால் பின்னால் மணல் மூட்டை வையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். கொண்டுபோகும்போது பெட்டிக்குள் வைத்து, அனுமதிக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். பார்க்க நிஜத் துவக்கு மாதிரியே இருக்கும் சாமான் அது, எங்கள் சனம் துவக்கைக் கண்டு நடுங்கிய காலம் இன்னும் மறக்கப்படவில்லை.

கேள்வி: குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை. இப்படி ஒரு பிஸ்டல் வாங்கினால் உதவுமா? (வெல்லாவெளி வாசகர்)

பதில்: உதவாது ஐயா. உங்கள் இழப்பு எனக்கு விளங்குகிறது, ஆனால் இது தாளைச் சுட்டுப் பழகச் செய்த சாமான். தூரத்தில் ஓடும் குரங்கில் பட்டால் அது சாகாமல் ஈயத்தோடு காட்டுக்குள் போய்ப் புண் அழுகித் துடிக்கும், கூட்டமோ நாளைக்கும் வரும். அந்தக் காசை வேலிக்கும் வலைக்கும் போடுங்கள்.