ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றபடியே வேலை. சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்கும், காலையில் வடிந்துவிடும். முழங்காலுக்குப் பின்னால் நீல நரம்புகள் தெரிகின்றன. நரம்பு வெடித்துவிடும், கிட்னி போயிருக்கும், காலையே எடுக்க வேண்டிவரும் என்றெல்லாம் யூடியூபில் சொல்கிறார்கள். வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை தினமும் ஒன்று போடுகிறேன். பாத்ரூம் போகக் கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார் என்பதால் தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. போன தீபாவளி சீசனில் நாங்கள் நான்கு பேர் பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டோம். இந்த வருடத்துக்கும் வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். வேலையை விட்டுவிடட்டுமா டாக்டர்?

பதில்: வேலையை விட வேண்டாம். கல்யாணத்துக்கும் இந்தக் காலால் எந்தத் தடையும் இல்லை. ஆனால் வாங்கி வைத்திருக்கும் அந்த மாத்திரையை நீங்கள் நான்கு பேரும் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். நீங்களோ அதைப் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

முதலில் கிட்னி பயம். உங்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் வீங்குகின்றன, தூங்கி எழுந்தால் வடிகின்றன, முகத்தில் வீக்கம் என்றும் நீங்கள் சொல்லவில்லை. இது நிற்பதால் வரும் வீக்கம். சந்தேகம் தீர ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் போதும். காலை எடுக்க வேண்டிவரும் என்று பயமுறுத்திய அந்த வீடியோவை இனிமேல் பார்க்காதீர்கள்.

நீங்கள் நரம்பு என்று சொல்வது ரத்தக்குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பி அனுப்புவது ஆடுசதைதான். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கும். அசையாமல் நின்றால் ஆடுசதைக்கு வேலை இல்லை, ரத்தம் கீழேயே தேங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நின்றால் வால்வுகள் தளர்ந்து குழாய்கள் புடைத்துச் சுருளும். உங்களுக்கு இருப்பது அதன் ஆரம்பம். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்தாலோ, அரிப்பெடுத்துப் புண்ணானாலோ அப்போது ரத்தநாள அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அந்த மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்று இருக்கும். அது ஹார்மோன். அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவது இந்த ஈஸ்ட்ரோஜன்தான். சாப்பிட்ட எல்லோருக்கும் ரத்தம் உறைந்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. போன வருடம் உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உங்கள் நிலைமையைச் சேர்த்துப் பாருங்கள்: நாள் முழுக்க அசையாமல் நிற்கிறீர்கள், காலில் ரத்தம் தேங்குகிறது, தண்ணீரும் குடிப்பதில்லை. அதன்மேல் மூன்று வாரம் ஹார்மோன். உங்கள் நான்கு பேரில் யாருடைய அம்மாவுக்காவது அக்காவுக்காவது ரத்தம் உறைந்த வரலாறு உண்டா, யாருக்காவது கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, யாருக்காவது உடல் எடை அதிகமா என்று மெடிக்கலில் கேட்டார்களா? கேட்காமல் கொடுக்கவே கூடாத மாத்திரை அது.

போன சில வருடங்களில் தீபாவளி முடிந்த வாரங்களில் என்னிடம் வந்த கடைப் பெண்களில் ஒருவரை மறக்க முடியவில்லை. இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. நின்று நின்று சுளுக்கிக்கொண்டது என்று நினைத்து நான்கு நாள் வலி மாத்திரை போட்டிருக்கிறார். ஹாஸ்டல் தோழி நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிட்டிருக்கிறாள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் வந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டியின் துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். முதல் நாளே வந்திருந்தால் அந்த அளவுக்குப் போயிருக்காது.

அதனால் இதை உங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்குகிறது, ஆடுசதை வலிக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, இரவு தூங்கி எழுந்தும் வடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கடையில் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அந்தக் காலை உருவிவிடவும் கூடாது. கூடவே மூச்சுத் திணறலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தலோ, இருமலில் ரத்தமோ இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரைப் பார்த்ததும் முதல் வாக்கியமாக அந்த ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லுங்கள். கூச்சத்தில் பலர் மறைக்கிறார்கள்.

தினமும் போடும் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள். தேங்கிய ரத்தத்தை அது நகர்த்தாது. தண்ணீர் குடிக்காத உடம்பில் தினமும் அதைப் போட்டால் வயிற்றில் புண் வரலாம்; நீங்கள் பயப்படும் அந்தக் கிட்னி நாளடைவில் நிஜமாகவே கெடலாம்.

காலுக்கு வேண்டியது அசைவு. புடவையை விரித்துக் காட்டும்போதே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், அரை மணிக்கு ஒரு தடவை இருபது முறை. ரூமுக்குப் போனதும் சுவரில் காலைச் சாய்த்து, இதயத்தைவிட உயரத்தில் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தக் காலுறையை, அளவு எடுத்து வாங்கி, காலையில் படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். வீங்கிய பிறகு மாட்டினால் பலன் குறைவு. மார்பிள் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

இதையெல்லாம் உங்களிடம் மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பாத்ரூம் போக விட்டிருந்தால் நான்கு பெண்கள் ஹார்மோன் மாத்திரை வாங்கியிருக்க மாட்டார்கள். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளத்தில் 2018-இல் அதற்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது. கடை முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்தி சுகர், பிரஷர் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் இரண்டு ஸ்டூல், கேட்காமலே பாத்ரூம் போகும் அனுமதி, கையெட்டும் இடத்தில் குடிதண்ணீர், இவை உங்கள் பெண்களின் உடம்புக்கு அந்த முகாமைவிட அதிகம் செய்யும். வாடிக்கையாளர் வராத நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதால் வியாபாரம் குறையாது.

தனியாகப் போய்க் கேட்கப் பயமாக இருந்தால் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். இருக்கையே போடவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் தரலாம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய். பிடிக்கிறார்கள் என்றால் டாக்டர், மருந்து, ஸ்கேன் எல்லாம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே செலவில்லாமல் கிடைக்கும். போதுமான நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்க்காக எடுக்கும் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு.

சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் லீவு போட்டு அங்கே போய்க் காலைக் காட்டுங்கள். கல்யாணமாகிக் கர்ப்பம் ஆனால் இந்தக் குழாய்கள் இன்னும் புடைக்கும், அதனால் முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பீரியட்ஸ் நாட்களில் வலியோ ரத்தப்போக்கோ அதிகம் என்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு, மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.