வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நாமே சரிசெய்து ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க முடியுமா?

கேள்வி இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பல வருடமாக ஓடாமல் நிற்கிறது. தாத்தா இப்போது இல்லை. வண்டியை வீட்டிலேயே சரிசெய்து, மாருதி எஞ்சின் வைத்து, கூரையை எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க முடியுமா, எங்கே ஆரம்பிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் இதே வண்டியைக் கடைசி போல்ட்டு வரைக்கும் பிரித்துக் கோத்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் வரை ஓட்டிப் போய் வருகிறேன். ஆனால் மாருதி எஞ்சின் வேண்டாம், கூரையிலும் கை வைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்குள் ஏற்கெனவே பாதி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்தால் போதும்.

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 948 சிசி எஞ்சினோடு அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பாடியையும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸையும் ஒன்றாகவே செய்யும் முறைக்கு மற்ற கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸோடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் வைத்துப் போல்ட்டு போடும்படி அமைத்தார்கள். அவர்களுக்கு அன்று வந்த நெருக்கடிதான் இன்று நமக்கு வசதி. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு நாலைந்து பேர் கை கொடுத்தால் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், கிரேன் தேவையில்லை. பானெட்டும் மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

1962-ல் இதே சேஸிஸின் நீளத்தைக் குறைத்து, இதே குடும்பத்து எஞ்சினை 1147 சிசி ஆக்கி, எஸ்யூ கம்பெனியின் இரட்டை கார்புரேட்டரும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஹெரால்டுக்கு அது கூடப் பிறந்த தம்பி. என் கட்சி இதுதான்: மாற்றம் செய்வதென்றால் தம்பியிடமிருந்து எடுங்கள், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழையபடி மாட்டும் மாதிரி செய்யுங்கள். வேறு எஞ்சின் என்றால் எஞ்சின் மவுன்ட் வெட்டணும், கியர்பாக்ஸ் டனலை வெட்டணும், புரொப்பெல்லர் ஷாஃப்டை மாற்றணும். அப்புறம் அது ஹெரால்டும் இல்லை, மாருதியும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நம் ஊரில் முதல் எதிரி துரு. எஞ்சினை உறுமவைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் வண்டிக்கு அடியில் போங்கள். கடலூர், புதுச்சேரி மணல் தரையில் ஜாக் ஸ்டாண்டு மெல்லப் புதையும், அதனால் அடியில் கனமான மரப்பலகை போடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. சேஸிஸின் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை அவுட்ரிக்கர்கள். பாடி அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். சின்னச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’கென்று பேசும். உளுத்த இடத்தில் சத்தம் செத்துப்போய் ‘பொத்’தென்று வரும், மேலிருந்து செம்பொடி கொட்டும். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நேராக உள்ளே போய்விடும். அப்படிப் போன இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. எனக்கு வேலை பார்த்த முதலியார்பேட்டை டிங்கர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “அண்ணே, பட்டி இழுத்து பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஜொலிக்கும். ஆனா உள்ள இருக்கிற உப்பு சும்மா இருக்காது. ஒரு மழைக்குத் தாங்காது. வெட்டிடலாம்.” அந்த மனுஷருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பாடியைத் தூக்கும் முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவுட்ரிக்கர்களை ஒரு பக்கம் முழுதாக முடித்து, அளவு சரிபார்த்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள்.

துருவைத் தேய்த்தெடுத்தால் மட்டும் போதாது. கடலோரத் துருவுக்குள் உப்பு ஒளிந்திருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயின்டுக்கு அடியில் அது மாட்டிக்கொண்டால் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். எனவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை கழுவணும். போர் தண்ணீர் வேண்டாம், கடலோரத்தில் அதுவே உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணீர் பிடியுங்கள், இல்லாவிட்டால் கேன் தண்ணீர் வாங்குங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, பாஸ்பாரிக் ஆசிட் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, மிச்சத்தைத் துடைத்துக் காயவிட்டு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். மதியம் கடல்காற்று ஏறும் முன் பிரைமர் விழுந்துவிட்டால் நல்லது. வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டாலும் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். வெல்டிங் முடிந்த பெட்டிப் பகுதிகளுக்குள் துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ் அடிக்க மறக்காதீர்கள். மேல் பெயின்டை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரம் படிந்து வெளுத்துப்போகும். பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை அது, வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் அந்த ஒரு வேலையைப் பட்டறைக்குக் கொடுங்கள்.

ஐப்பசிக்குள் வண்டியை உயரத்தில் ஏற்றிவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி உயிர் சம்பந்தப்பட்ட பாகம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில், பித்தளை நிறத்தில் திருகு மரை கொண்ட ஒரு கட்டை இருக்கும். பெயர் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரைக்குள்தான் சுழல்கிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் பக்கம் நிப்பிளைக் கண்டால் உடனே கிரீஸ் கன்னை வைப்பது வழக்கம். கிரீஸ் நாளாக ஆகக் கெட்டியாகி மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும், தண்ணீர் உள்ளே புகும், தண்டின் மரை துருப்பிடித்து ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இல்லாமல் பள்ளம் தட்டினால் தண்டையே மாற்றுங்கள். வலது பக்கம் வலது மரை, இடது பக்கம் இடது மரை, மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஆயிலை, புது சீல் வழியாக லேசாகக் கசியும் வரை விடுங்கள். அந்தக் கசிவு நல்லது.

ஸ்பேனர் வாங்கும்போது அங்குல அளவு செட் கேளுங்கள். அரை அங்குல நட்டுக்கு 13 எம்எம் ஸ்பேனர் போகும், ஆனால் லூஸாக நின்று மூலையை மழுக்கிவிடும்.

எஞ்சினுக்கு எடுத்த எடுப்பிலேயே செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டுச் சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அடுத்த சோதனை: ஒருவர் கிளட்ச் மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே வந்தால் கிராங்க் ஷாஃப்டை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த எஞ்சினின் பரம்பரை நோய் அது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று பிளாக்கையே தின்றுவிடும். ஹெட்டைக் கழற்றினால் லேத் பட்டறையில் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுபோனது, பழைய வார்ப்பிரும்பு சீட் ஈயம் இல்லாமல் மெல்ல அமுங்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி நைந்துவிடும், எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வண்டி நிற்கும் மாதங்களில் டேங்கைக் காலியாக வையுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இப்போது ஸ்போர்ட்ஸ் பக்கம். முதலில் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் பிரேக். இங்கிலாந்தில் பழைய ட்ரையம்ஃப் பாகங்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன, தபாலில் வரும், சுங்க வரி கையைக் கடிக்கும். ஆனாலும் காசை முதலில் இதற்குத்தான் போடணும். ஹெரால்டின் பிரேக் ஒரே லைன், எங்காவது ஒழுகினால் நாலு சக்கரமும் பிடிக்காது. எனவே பைப், ஹோஸ், சிலிண்டர் எல்லாமே புதிது. பைப் செம்பு-நிக்கல் கலப்பாக இருந்தால் உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. அடுத்து, இரட்டை எஸ்யூ கார்புரேட்டரும் அதற்கான மேனிஃபோல்டும். இங்கிலாந்தில் வந்த ஹெரால்டு கூப்பேயில் இதே 948 எஞ்சினுக்கு இரட்டை கார்புரேட்டர் வைத்து 45 குதிரைத் திறன் எடுத்தார்கள், நம் ஒற்றை கார்புரேட்டரில் வருவது சுமார் 35. 800 கிலோ அளவிலுள்ள வண்டிக்கு இந்த வித்தியாசம் ஓட்டும்போது நன்றாகத் தெரியும். எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைப்பதும் நல்லதுதான், ஆனால் வண்டி பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு ஒயரிங்கைத் தொடுங்கள். டயருக்கு 155/80 ஆர்13 ரேடியல் இங்கேயே கிடைக்கும். சின்னச் சின்னப் பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றலாம்.

கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது, எடுத்தால் வந்துவிடும். ஆனால் உங்கள் ஆர்.சி.யில் பாடி வகை என்று ஒன்று எழுதியிருக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் செய்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். தாத்தா பேரிலேயே ஆர்.சி. இருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்றுங்கள், பிறகு பதிவைப் புதுப்பியுங்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். சும்மா சில்வர் பீச் வரை ஓட்டிப் போக ஆசைப்பட்டால் சாதாரண ஆர்.சி.யையே காப்பாற்றிக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் தகட்டின் மேல் பெயின்ட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பின்சக்கரம். ஹெரால்டின் பின் ஆக்ஸில் இரண்டு பாதியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கி, வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து, பிடிப்பு போய்விடும். ரேடியல் டயர் போட்டால் பிடிப்பு கூடுவதால் இந்தத் தூக்கலும் கூடும். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகள் நடுவில் ஆடும்படி மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். அந்த ஸ்பிரிங்கை ஹெரால்டிலும் பொருத்தலாம், முடிந்தால் வரவழையுங்கள். அதுவரை வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடியே திருப்புங்கள், ஸ்டியரிங் நேரான பிறகு காலை எடுங்கள்.