வேர்டில் சிவப்புப் பட்டை: 2,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், ஊர் வீரவநல்லூர். நான்கு வருடத்துக்கு முன் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பழைய கணினி வாங்கினேன். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வேர்டிலும் எக்செல்லிலும் சிவப்புப் பட்டை வரும். கோப்பைப் படிக்கலாம், ஓர் எழுத்துகூடத் தட்ட முடியாது. கடைக்காரர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்வார். இந்த முறை 2,500 ரூபாய்க்கு வாழ்நாள் சாவி போட்டு, ஃபார்மட்டும் செய்து தருகிறேன் என்கிறார். எங்கள் கோயில் கொடைத் திருவிழாக் கணக்கும், நான் தட்டி வைத்த 140 பக்கக் குடும்ப வரலாறும் அதில்தான் இருக்கின்றன. வேர்டு, எக்செல்லுக்குப் பதிலாக இலவசமான லிப்ரேஆபீஸ் போதும் என்கிறான் மகன். பேத்தியின் மடிக்கணினியில் அதைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது. குடும்ப வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை ஐயா. ஒரு வரிகூடப் போகவில்லை. ஆனால் நீங்கள் அந்த ஃபார்மட்டுக்கு, அதாவது கணினியில் இருப்பதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போடுவதற்கு, சம்மதித்திருந்தால் போயிருக்கும்.

சிவப்புப் பட்டை என்பது லைசென்ஸ் இல்லை என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அந்த நிலையிலும் கோப்பைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், பென் டிரைவில் நகலெடுக்கலாம். திருத்தத்தான் முடியாது. கோப்பு உங்களுடையது, வேர்டு அதைத் திறந்து காட்டும் ஆள் மட்டுமே.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை; நான் சொல்லிவிடுகிறேன். பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, அதாவது லைசென்ஸ் எண், போடாமல், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் (மையக் கணினி) வைத்து அனுமதி கொடுப்பார்கள். அந்த அனுமதிக்கு ஆயுள் 180 நாள். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடைக்காரர் போட்டிருப்பது, வீட்டுக் கணினிக்குள்ளேயே அப்படி ஒரு சர்வர் இருப்பதுபோல் நடிக்கும் கள்ள நிரலாக இருக்க வேண்டும். அதைப் போடுவதற்காகப் பெரும்பாலும் வைரஸ் தடுப்பையும் அணைத்துவிடுவார்கள். வங்கிக் கணக்கையும் அதே கணினியில் பார்க்கிறீர்களா? பார்த்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

2,500 ரூபாய் 'வாழ்நாள் சாவி' அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வியாபாரம். இவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய சாவியிலிருந்து கசிந்தவை. அந்த நிறுவனமோ மைக்ரோசாஃப்ட்டோ கண்டுபிடித்து ரத்து செய்கிற நாள்வரைதான் அந்த வாழ்நாள். இன்னும் சிலர் சாவியே தருவதில்லை. ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய சீட்டைத் தருவார்கள். அது முகம் தெரியாத ஒரு கல்லூரியின் கணக்கு. அதில் உங்கள் கோப்புகளைச் சேமித்தால், அந்தக் கல்லூரியின் நிர்வாகி நினைத்தால் பார்க்கலாம், நினைத்தால் அழிக்கலாம். கொடைக் கணக்கை அப்படி ஓரிடத்தில் கொண்டுபோய் வைப்பீர்களா?

புதுக் கணினி வாங்குகிறவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. வேர்டும் எக்செல்லும் அடங்கிய ஆபீஸ் மென்பொருள், பல மடிக்கணினிகளில் கணினியின் விலையோடு சேர்ந்தே வருகிறது. முதல்முறை திறக்கும்போது நம் மின்னஞ்சலைக் கொடுத்து நம் பெயரில் பதிய வேண்டும். என் தங்கை மகனுக்கு வாங்கியபோது, "எல்லாம் போட்டுத் தருகிறோம் சார், காப்பி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார்கள். நானும் போனேன். இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கிறவன், காப்பிக்குப் போனேன்! அவர்கள் கடையின் மின்னஞ்சலில் பதிந்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி போட வேண்டி வந்தபோது, பணம் கொடுத்து வாங்கிய ஆபீஸ் எங்கள் பெயரில் இல்லை. அந்த மின்னஞ்சலைத் தொடங்கிய பையன் கடையை விட்டே போய்விட்டான். பேத்தியின் மடிக்கணினி புதிதென்றால், அதோடு ஆபீஸ் வந்திருக்கிறதா, வந்திருந்தால் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். எக்செல் கணக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். லிப்ரேஆபீஸ் கூட்டல் கழித்தலை அப்படியே எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது எந்த வடிவத்தில் என்று கேட்கும். ஏற்கெனவே இருக்கும் எக்செல் வடிவத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இது விலையில்லாத மென்பொருள். ஓப்பன்ஆபீஸ் என்ற இன்னோர் இலவச மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்தது. லிப்ரேஆபீஸ் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கடைக்காரரிடம் சொல்லி நிறுவினால் அவருடைய உழைப்புக்குக் கூலி கொடுக்கலாம். மென்பொருளுக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரு வேடிக்கை: நம் அரசின் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடப்புத்தகம் கற்றுத்தருவது ஓப்பன்ஆபீஸைத்தான். பிள்ளை அதில் தேர்வு எழுதிவிட்டு வந்தால், டி.டி.பி. சென்டரில் "வேர்டு தெரியுமா?" என்கிறார்கள். புத்தகம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்.

குடும்ப வரலாறுதான் உண்மையான சிக்கல். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் தட்டியிருக்கிறீர்கள். கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். சேலை கட்டிச் சலங்கையோடு ஆடுகிறவர் உள்ளே ஆண்தான். பாமினியும் அப்படித்தான். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டுகிறது. பேத்தியின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, வேடம் கலைந்துவிட்டது. லிப்ரேஆபீஸ் மேல் பழி போடாதீர்கள்; அந்த மடிக்கணினியில் வேர்டில் திறந்திருந்தாலும் இதே கூத்துதான்.

உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இப்போது இருக்கிறது. ஃபார்மட் செய்தால் அதுவும் போய்விடும். டெஸ்க்டாப்பில் வைத்தவையும் போகும். பலர் அங்கேதான் எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள், கடைக்காரர் கேட்கவும் மாட்டார். ஆகவே முதலில் கோப்புகளையும், கண்ட்ரோல் பேனலில் எழுத்துருக்கள் உள்ள இடத்திலிருந்து அந்த எழுத்துருவையும் இரண்டு பென் டிரைவ்களில் தனித்தனியே நகலெடுங்கள். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், ஒரு வரியின் நடுவே சொடுக்கி, மேலே உள்ள பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியில்கூட அந்தப் பெயர் தெரியும்.

பிறகு யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறைக்கு, மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். எந்த எழுத்துருவிலிருந்து என்று கேட்கும்போது சரியானதைச் சொல்ல வேண்டும். பாமினிக் கோப்புக்கு வானவில் என்று சொன்னால் வேறொரு குப்பை வரும். நகலில் செய்வதால் பயமில்லை, திரும்பச் செய்யலாம். 140 பக்கத்தையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். பத்துப் பத்துப் பக்கமாக மாற்றிப் படித்துப் பாருங்கள். தாத்தா படித்த கல்லூரி, ரயில்வே பதவி என்று ஆங்கிலத்தில் எழுதிய சொற்கள் இருக்குமே, அவையும் தமிழாக மாறி உளறும். அந்தச் சொற்களை முதலிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு கையால் திருத்துங்கள். ஸ்ரீ, க்ஷ வரும் இடங்களையும் ஒருமுறை பாருங்கள்.

விரல் பழகிய தட்டச்சு முறையை விட வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டரில் பாமினி விசைப்பலகை முறையும் இருக்கிறது. அதே விசைகளைத் தட்டுங்கள், யூனிகோடாக விழும். யூனிகோடை ஏற்று 2010இலேயே அரசாணை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் "வானவில்லில் அடித்துக் கொண்டுவாருங்கள்" என்று நம்மைத் திருப்பி அனுப்பும் மேசைகளுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. அப்படிக் கேட்கும் நாளில் யூனிகோடை வானவில்லாக மாற்றி அச்சடித்து நீட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவும் முடித்துவிட்டு அந்தக் கடைக்குப் போய், பழைய ஆபீஸையும் கள்ள நிரலையும் நீக்கி வைரஸ் தடுப்பை மறுபடி இயக்கித் தரச் சொல்லுங்கள். விண்டோஸும் அதே வழியில் வந்ததுதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக் கணக்கை வரிதாரர்களுக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். லிப்ரேஆபீஸின் மேல்வரிசையிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. எக்செல்லாக அனுப்பினால் கைபேசியில் திறக்கும் யாராவது விரல் தவறி ஒரு பூஜ்யத்தை அழித்துவிட்டு, உங்களிடமே கணக்குக் கேட்பார்.