அந்த 30 மட்டும் எப்படித் தப்பித்தது?

கேள்வி: பைதான் என்ற நிரல்மொழியில், ஒரு லிஸ்ட்டில் (பட்டியலில்) உள்ள மதிப்பெண்களில் 35-க்குக் குறைவானவற்றை ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக நீக்குகிறேன். சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் ஒன்றிரண்டு மிஞ்சிவிடுகிறது. 200 வரி புரோகிராமையும் நண்பர்களுக்கு அனுப்பி, ‘வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய 200 வரியையும் படித்தேன். கோளாறு மூன்றே வரிக்குள்தான் இருக்கிறது.

நான்கு எண்களை மட்டும் வைத்துப் பாருங்கள்: 20, 30, 50, 10. லூப் என்பது லிஸ்ட்டை முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும் கட்டளை. அது முதல் இடத்தில் உள்ள 20-ஐப் பார்த்து நீக்குகிறது. உடனே மற்ற எண்கள் ஓர் இடம் முன்னால் நகர்கின்றன. முதல் இடத்துக்கு 30 வந்துவிடுகிறது. லூப்புக்கு அது தெரியாது. முதல் இடம் முடிந்தது என்று இரண்டாம் இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது 50. அப்புறம் 10-ஐ நீக்குகிறது. 30-ஐ அது பார்க்கவே இல்லை!

இதையே 20, 50, 30 என்று கொடுத்தால் விடை சரியாக வரும். நீக்க வேண்டிய இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால்தான் சிக்கல். உங்களைப் பாடாய்ப் படுத்திய ‘சில சமயம்’ இதுதான். லூப் ஓடும்போது அந்த லிஸ்ட்டிலேயே கை வைக்காமல், 35-ம் அதற்கு மேலும் உள்ளவற்றைப் புது லிஸ்ட்டில் சேருங்கள்.

சரி, ஏன் யாரும் பதில் சொல்லவில்லை? 200 வரியில் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ‘இந்த நான்கு எண்களைக் கொடுத்தேன், 50 மட்டும் வர வேண்டும், 30-ம் சேர்ந்து வருகிறது’ என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்று இரண்டு நாள் தவித்தேன். ‘சின்னதாக்கிக் கொண்டு வாங்க, பார்க்கலாம்’ என்றார் மூத்தவர் ஒருவர். ஒவ்வொரு வரியாக வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது 0.1 கூட்டல் 0.2. பிரின்ட் செய்தால் 0.30000000000000004 என்று வந்தது. கணினி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்களில் கணக்கு வைப்பதால் 0.1-ஐ அப்படியே துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. மூத்தவரிடம் போகும் முன்பே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: எர்ரர் வந்தால் பத்துப் பதினைந்து வரிகள் கொட்டுகின்றன. எங்கிருந்து படிப்பது?

பதில்: பைதான் என்றால் கீழிருந்து. என்ன பிழை, ஏன் என்பது கடைசி வரியில் இருக்கும். அங்கிருந்து மேலே போய், நீங்கள் எழுதிய ஃபைலின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். பக்கத்திலேயே வரி எண் இருக்கும். பிறரிடம் கேட்பதானால் முழுச் செய்தியையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். படம் பிடித்து அனுப்பினால் அவர்களால் அதைக் காப்பி செய்து தேட முடியாது.