தீவு நாட்டில் கரண்ட் ஏன் இந்த விலை? கேள்வி பதில்

முப்பது வருடம் மின்நிலையங்களில் கிடந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். இலங்கையின் மின்சாரம், எரிபொருள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கரண்ட் போனதும் ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் குத்தாதீர்கள். அது வீதிக் கம்பி வரை போகும், கம்பத்தில் ஏறி நிற்பவர் செத்துப்போவார்.

வவுனியா: இத்தனை ஆறு உள்ள நாட்டில் ஏன் ஐயா மின்கட்டணம் இவ்வளவு?

மழை பெய்த வருடம் நாங்கள் ராசா. மழை பொய்த்தால் நீர்மின்சாரம் குறையும், அந்தக் குறையை நுரைச்சோலை நிலக்கரியும் கெரவலப்பிட்டி, களனிதிஸ்ஸ எண்ணெயும்தான் நிரப்பவேண்டும், அவ்வளவும் டொலர். நுரைச்சோலையில் 900 மெகாவாட் இருக்கிறது, ஆனால் நிலக்கரிக் கப்பல் கரைக்கு வராமல் கடலில் நின்று தட்டைப்படகில் இறக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அதுவும் முடியாது, ஆகவே வருடம் முழுவதற்கும் வேண்டியதைச் சில மாதங்களுக்குள் வாங்கிக் குவிக்கவேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தது, மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. அப்புறம் ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் கட்டணம் ஏறியது. பக்கத்து நாட்டோடு கம்பி இல்லாததால் அவசரத்துக்குக் கடன்கேட்கவும் ஆளில்லை.

கொக்குவில்: கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் அதுவும் நின்றுவிடுகிறதே, கம்பனிக்காரன் ஏமாற்றிவிட்டானா?

இல்லை. வெளிக்கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் பெட்டி தானாக நிற்கவேண்டும், சட்டமும் அதுதான். உங்கள் கூரை தனித்தீவாக நின்று கம்பிக்குள் மின்சாரம் தள்ளினால் முதலில் நான் சொன்ன கம்பத்துக்காரர் கதைதான். மின்வெட்டிலும் வேண்டுமென்றால் பற்றரியோடு ஹைபிரிட் இன்வேர்ட்டர் போடவேண்டும், காசு கூட.

மாத்தளை: 2025 பெப்ரவரி 9 நாடே இருண்டதற்கு இந்தக் கூரை சோலார்காரர்கள்தானே காரணம்? குரங்கு என்று கதை விட்டார்கள்.

குரங்கு பொய்யில்லை, பாணந்துறை உபமின்நிலையத்தில் அது தொட்டது. ஆனால் ஒரு குரங்கு தொட்டு ஒரு நாடு விழுமா என்பதுதான் கேள்வி. அன்று ஞாயிறு, மின்தேவை குறைவு, வெயிலோ உச்சம். சோலார் கொட்டியதால் அதற்கு இடம்விட்டுச் சுழலும் பெரிய இயந்திரங்களைக் குறைத்திருந்தார்கள். சுழலும் கனத்த இரும்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கம்பியில் திடீரென வரும் அதிர்ச்சியைத் தாங்கும்: பாரமேற்றிய லொறி கல்லில் ஏறினாலும் ஆடாது, சைக்கிள் விழுந்துவிடும். அன்றைக்கு நாங்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் விழுந்தன, திரும்ப எழச் சில நாள் எடுத்தது, அதனால்தான் பிறகும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

கொக்குவில்: அப்போ பழி எங்களுக்கா? கடன் வாங்கிப் போட்ட சோலாரை ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் அணைக்கச் சொன்னார்களே!

உங்களுக்கில்லை அண்ணே. பற்றரி இல்லாமல் கூரை கூரையாக அனுமதி கொடுத்துவிட்டுக் கடைசியில் அணை என்பது திட்டம் போட்டவர்களின் பிழை.

மாத்தளை: ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நிலக்கரி இல்லாமல் முடியாது.

நான் அப்படிச் சொல்லவில்லை. நீர்மின் இயந்திரமும் கனத்த இரும்புதான். பகல் வெயிலால் தண்ணீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் நிலையம் மகா ஓயாவில் இன்னும் தாளில்தான் கிடக்கிறது. எங்கள் உச்சத்தேவை மாலை ஆறரைக்குப் பிறகு. ஒரு யூனிட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு வரும் யூனிட் என்று கேளுங்கள். இதை எத்தனை கூட்டத்தில் கத்தியிருக்கிறேன்!

நீர்கொழும்பு: சோலார் இருந்தும் கரண்ட் போனால் வேலை செய்யவில்லை, ஏன்?

கொக்குவில் அண்ணருக்குச் சொன்னதுதான்.

நெடுந்தீவு: எங்களுக்கு டீசல் என்ஜின்தான் விதியா?

நல்ல கேள்வி. படகில் டீசல் ஏற்றி வந்து எரிப்பதைப்போல விலைகூடிய கரண்ட் வேறில்லை. உங்களுக்கும் நயினாதீவு, அனலைதீவுக்கும் சேர்த்து இந்திய நன்கொடையில் 530 கிலோவாட் காற்றாலை, 1,700 கிலோவாட் சோலார், 2,400 கிலோவாட் மணி பற்றரி என்று 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. கூடவே 2,500 கிலோவாட் டீசலும் உண்டு, அதைப் பார்த்துச் சனம் சிரித்தது. சிரிக்காதீர்கள், காற்றும் வெயிலும் சேர்ந்து காலைவாரும் நாளுக்கு அது வேண்டும்.

சென்னை: இந்தியாவிலிருந்து கேபிள் இழுத்தால் தீருமே?

பல பத்தாண்டாகப் பேச்சு. 2025 ஏப்ரலில்தான் புரிந்துணர்வு ஒப்பந்தம். வந்தால் நல்லது.

கண்டி: நாங்கள் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் கார்பன்தானே விடுகிறோம், உலக சராசரி நாலரைக்கும் மேல். எதற்கு நாங்கள் குறைக்கவேண்டும்?

கார்பனுக்காக வேண்டாம், டொலருக்காகக் குறையுங்கள்.

மன்னார்: எந்த பிராண்ட் பேனல் நல்லது?

அது என் துறை இல்லை.

திருகோணமலை: ஐயா, சோலார் போட்டேன், கரண்ட் போனால்…

மேலே! மேலே!

மட்டக்களப்பு: எங்கள் வீட்டு ஜெனரேட்டரைப் பிளக்கில் குத்தினேன், நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வேலை செய்யும் தம்பி, அதுதான் பயம். இப்போதே கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீதிக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் போட்டபிறகு எழுதுங்கள்.